எந்தச் சூதாட்டத்தை நம்பலாம்?



அச்சன்புதூரில் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் வந்தார். பீடி சுற்றிய கூலியில் மிச்சம் பிடித்து, இளைய மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக வங்கியில் சேர்த்து வைத்திருப்பவர். "சாமி, மூத்தவன் போன்ல ஏதோ கேசினோன்னு ஆடுதான். போன வாரம் ஆயிரம் ரூபா வந்துச்சுன்னு காட்டுதான். நம்பிக்கையான கம்பெனிதான்னு சொல்லுதான். நீங்க பாத்துச் சொல்லுங்க, நம்பலாமா?" என்று கேட்டார்.

அவருடைய கேள்வியையே இன்றைய சிந்தனையாக எடுத்துக்கொள்வோம்.

முதலில், அந்த ஆயிரம் ரூபாய் எப்படி வந்தது? ஏமாற்றுத் தளங்கள் தொடக்கத்தில் சிறு தொகையை உண்மையாகவே கொடுக்கும். தூண்டிலில் புழு வைப்பது போலத்தான் அது. நம்பிக்கை வந்ததும் நாம் பெரிய தொகை கட்டுவோம். திரையில் ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று எண் ஏறும். அதை எடுக்கப் போனால், "முதலில் வரி கட்டுங்கள், சேவைக் கட்டணம் கட்டுங்கள்" என்பார்கள். உண்மையான வருமான வரியைப் பரிசுத் தொகையிலிருந்து கழித்துக்கொள்வார்களே தவிர, முன்பணமாக நம் கையிலிருந்து கேட்கமாட்டார்கள். அந்த வரியைக் கட்டினால் இன்னொரு கட்டணம் முளைக்கும். வங்கிக் கணக்கிற்கு வந்து சேராத வரை திரையில் தெரியும் எண் பணமே அல்ல.

வேறு அடையாளங்களும் உண்டு. வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ யாரோ அனுப்பும் இணைப்பு வழியாகச் செயலியை இறக்கச் சொல்வார்கள். பணம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு தனிநபர் கணக்கிற்குப் போகும். ஆதார், பான் அட்டைப் படங்களைக் கேட்பார்கள். நிறுவனத்திற்கு முகவரி இருக்காது.

"அப்படியானால், ஏமாற்றாத தளத்தில் ஆடலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்கைப் பார்ப்போம். ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள். ஓர் எண்ணில் 100 ரூபாய் வைத்து வென்றால், வைத்த பணத்தையும் சேர்த்து 3,600 ரூபாய் கையில் வரும். 37 எண்களிலும் நூறு நூறாக வைத்தால் 3,700 ரூபாய் போகும், திரும்புவது 3,600. எந்தத் தில்லுமுல்லும் இல்லாத சக்கரமே நூறு ரூபாயை நடத்துபவருக்கு ஒதுக்கிவிடுகிறது. ஒருவர் ஒருநாள் வெல்லலாம். ஆட ஆட, பணம் அவர்கள் பக்கமே சேரும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று தொடர்பவர் மேலும் விடுகிறார்.

2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டது நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதன்பின் சீட்டு வேண்டுமானால் புளியரை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் போக வேண்டியிருந்தது. அந்தக் கடையும் இரவில் அடைத்துவிடும். இன்றைய கடை தலையணைக்கு அருகில், இரவெல்லாம் திறந்தே கிடக்கிறது.

இதைத் தடுக்க அரசு பலமுறை முயன்றது. 2021-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பின்னர் நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையைப் பெற்று இயற்றிய சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம், அதிர்ஷ்ட விளையாட்டுகளுக்கான தடையை ஏற்று, ரம்மி, போக்கர் ஆகியவற்றிற்கு விலக்கு அளித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் தடை செய்து சட்டம் இயற்றியது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். எனவே, "இது அரசு அனுமதி பெற்றது" என்று எந்தக் கேசினோ சொன்னாலும் அதுவே முதல் பொய்.

திருச்சபை விளையாட்டை வெறுப்பதில்லை. குடும்பத்தின் தேவைக்கு உரியதைப் பறிக்கும்போதும், மனிதரை அடிமையாக்கும்போதும் சூதாட்டம் தவறு என்று கற்பிக்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணம் அப்படிப்பட்ட தேவைதானே?

ஏற்கெனவே பணம் போயிருந்தால் என்ன செய்வது? மேற்கொண்டு ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், வங்கியிலும் சொல்லுங்கள். பணம் அனுப்பிய விவரங்களையும் உரையாடல்களையும் அழிக்காமல் வையுங்கள். "போன பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று கட்டணம் கேட்டு வருபவரையும் நம்பாதீர்கள். மனம் உடைந்து தவறான எண்ணம் வந்தால் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கடனைவிட, அதை வீட்டில் சொல்ல முடியாத அச்சமே பல பிள்ளைகளை நெருக்குகிறது. ஊதாரி மைந்தன் திரும்பி வந்தபோது தந்தை கணக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய்க் கட்டி அணைத்தார். அந்தத் தாயிடமும் இதைத்தான் சொன்னேன்: "அம்மா, அந்தக் கம்பெனியை நம்ப வேண்டாம். உங்கள் மகன் பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு போயிருக்கிறது என்று கோபப்படாமல் கேளுங்கள்."

இன்று இரவு நம் வீடுகளிலும் அந்தப் பேச்சு தொடங்கட்டும். இறைவன் நம் குடும்பங்களைக் காப்பாராக. ஆமென்.