தாயின் மறதியும் மகளின் ஞாபகமும்

தாம் பிறப்பதற்கு முன் நடந்த ஒரு சம்பவத்தை ஒருவர் ஞாபகம் வைத்திருக்க முடியுமா? முடியாது என்றுதான் நாம் சொல்வோம். ஆனால் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சத்துப் பெண்மணியான ஸ்ரீமதி ரியா தாஜிரியின் மனத்தில் அத்தகைய காட்சி ஒன்று நெடுநாள் குடியிருந்தது. பாலைவன வெயிலில் ஓர் இளம்பெண் குழாயடியில் நின்று தண்ணீர்க் குப்பியை நிரப்புகிறாள். குளிர்ந்த நீர் பட்டதும் அவளுக்கு உண்டாகும் ஆனந்தம்தான் என்னே! அவள் வேறு யாருமல்ல; தாஜிரியின் தாயாரேதான். ஆனால் முன்கதையைக் கேட்டால் தாயாருக்கு அநேகமாக ஒன்றுமே நினைவில்லை.

அந்த மறதிக்குப் பின்னால் பெரிய அநீதி ஒன்று இருக்கிறது. 1941 டிசம்பர் 7-ந் தேதி ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. 1942 பிப்ரவரி 19-ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பிறப்பித்த உத்தரவின் பயனாக, ஜப்பானிய வம்சத்தார் சுமார் 1,20,000 பேர் விசாரணையின்றி முள்வேலி முகாம்களில் அடைபட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கப் பிரஜைகளே! தாஜிரியின் தாயார் அரிஸோனா பாலைவனத்திலிருந்த போஸ்டன் முகாமுக்குப் போனார். தந்தையோ அமெரிக்கப் பட்டாளத்தில் சேவை செய்தார். குடும்பத்தார் முகாமில் இருந்தபோது அவர்களுடைய வீட்டையே யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்!

காமிரா வைத்துக்கொள்ளவும் அவர்களுக்குத் தடை இருந்தது. சர்க்கார் எடுத்த படங்கள் ஏராளம். குடும்பத்தார் எடுத்தவை அபூர்வம். இந்தக் குறையை நிரப்பத்தான் தாஜிரி 1991-ல் ‘ஹிஸ்டரி அண்டு மெமரி’ என்ற 32 நிமிஷ டாக்குமெண்டரிப் படத்தைத் தயாரித்தார். செய்திப் படங்கள், ஹாலிவுட் சினிமாத் துண்டுகள், உறவினரின் குரல்கள் யாவும் அதில் கலந்து வருகின்றன. வீட்டில் இருந்த சிறு மரப்பறவை ஒன்றின் கதையும் உண்டு. சர்க்கார் ஆவணக் காப்பகத்தில் தேடியபோது, முகாமில் பறவை செதுக்கும் வகுப்பில் பாட்டியார் அமர்ந்திருக்கும் புகைப்படம் அகப்பட்டதாம்! குழாயடிக் காட்சியையும் தாஜிரி படமாக்கித் தாயாருக்கே காணிக்கையாக்கினார்.

1988-ல் அமெரிக்க சர்க்கார் சட்டமியற்றி மன்னிப்புக் கோரியது. உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் நஷ்டஈடு வழங்கவும் ஏற்பாடு செய்தது. ஆனால் இழந்த ஞாபகத்துக்கு யார் ஈடு கொடுப்பது?

பிற்காலத்தில் தாயாரை முதுமை மறதி நோய் பீடித்தது. அவர் பேச்சைத் திருத்த முயலாமல், அவர் மனம் செல்லும் வழியே தாமும் உடன் சென்று, 2022-ல் மகள் மற்றொரு படம் வெளியிட்டார். முதல் மறதி சர்க்கார் இழைத்த கொடுமையால் வந்தது. இரண்டாவது மூப்பினால் வந்தது. இரண்டிலும் தாயின் கையை மகள் விடவில்லை.