பக்கவாத்தியம் பக்கத்தில் நிற்கட்டும்!

கொரிந்து நகரத்துச் சபையாருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதினான்காம் அதிகாரத்தில் புனித சின்னப்பர் இசைக்கருவிகளை உவமையாக எடுத்தாளுகிறார். குழலானாலும் யாழானாலும் ஓசை தெளிவின்றி ஒலித்தால் கேட்பவனுக்கு ஒன்றும் விளங்காது. எக்காளம் குழப்பமாக முழங்கினால் போர்வீரன் ஆயத்தமாக மாட்டான் என்பது அவர் கருத்து. பரவசப் பேச்சைக் குறித்து அவர் சொன்ன இந்த அறிவுரை, இன்று நம் பங்குகளில் அவசரமாகப் பதிவு செய்யப்படும் பாடல்களுக்கும் வியக்கத்தக்க விதத்தில் பொருந்துகிறது.

கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, திருவள்ளூர் என்று விரியும் இத்தொழிற்பேட்டை வட்டாரத்தில், பாடகர் குழுவினருள் பலர் ஆலைத் தொழிலாளரே. ஒருவருக்குப் பகல் ஷிப்டு, மற்றொருவருக்கு இரவு ஷிப்டு. ஐவரும் ஒன்றுகூட வாய்ப்பது மாதத்தில் ஓரிரவோ ஈரிரவோதான். திருவிழாவுக்கென ஒரு புதுப்பாடலை இயற்றி, அந்த ஓரிரவிலேயே மறைக்கல்வி அறையில் பாடி, கணினியில் பதிவு செய்து, குரலையும் கருவிகளையும் கலந்து விடுகிறார்கள். இந்தக் கலவையைத்தான் அவர்கள் 'மிக்ஸிங்' என்கிறார்கள். பொழுது விடியுமுன் பாடல் வாட்ஸ்அப் வழியே ஊரெல்லாம் சென்று விடுகிறது. கூடவே ஒரு கேள்வியும் செல்கிறது: "எப்படி இருக்கிறது?"

விடைகளும் உடனே வருகின்றன. 'சூப்பர்', 'அருமை', கூப்பிய கைகள், உயர்த்திய கட்டைவிரல். இவற்றால் மகிழ்ச்சி உண்டாகலாம், பயன் உண்டாகாது. அன்பினால் சொல்லப்படும் பொய்ப்புகழும், பொறாமையினால் சொல்லப்படும் வசையும் ஆகிய இரண்டுமே பாடலைத் திருத்துவதில்லை.

அருளா, இருளா?

நம் வட்டாரத்துப் பங்கு ஒன்றில் நடந்ததை இங்கே குறிப்பிடலாம். 'அருளே வருக' என்று தொடங்கும் தூய ஆவியார் பாடலொன்றை இளைஞர்கள் பதிவு செய்தனர். நாற்பது ஐம்பது பேர் பாராட்டினர். திருப்பலி முடிந்தபின் வயதான தாயார் ஒருவர் மட்டும் தயக்கத்தோடு கேட்டார்: "ஏன் தம்பி, இருளே வருக என்றா பாடியிருக்கிறீர்கள்?"

இளைஞர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு கூம்பு ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லின் முதலெழுத்தின் மீதே டிரம்ஸின் தாளத்தட்டு விழுந்து, அதை விழுங்கியிருந்தது. அருளுக்கும் இருளுக்கும் இடையே இருப்பது ஓரெழுத்துத்தான். அந்த ஓரெழுத்து மறைந்தால் செபம் எதிர்ச்செபமாகி விடுகிறது. நாற்பது பாராட்டுகள் செய்யாத நன்மையை அந்தத் தாயாரின் ஒரு கேள்வி செய்தது.

திருச்சபை கூறுவது

இது வெறும் கலை நுட்பம் பற்றிய செய்தியன்று. 1903-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், பாடகர்களின் பாதுகாவலியான புனித செசிலியம்மாளின் திருநாளன்று, புனித பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசை பற்றிய தமது ஏட்டை வெளியிட்டார். பாடலுக்கே முதலிடம், கருவிகள் அதைத் தாங்க வேண்டுமேயன்றி அமுக்கலாகாது என்று அதில் விதித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் அந்தந்த நாட்டு இசை மரபுக்கும் பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. அதன்பின் 1967 மார்ச் 5-இல் வந்த 'மூசிக்காம் சாக்ரம்' என்னும் போதனையேடு, கருவிகளின் ஓசை பாடலின் சொற்கள் விளங்காதபடி குரலை மூழ்கடிக்கக் கூடாது என்று தெளிவாகக் கூறுகிறது. கருவிகள் பெருகலாம், ஆனால் சொல் மறையக் கூடாது என்பதே இவற்றின் சாரம்.

நம் தமிழ் மரபும் இதையே சொல்லாமல் சொல்கிறது. மிருதங்கத்தையும் வயலினையும் 'பக்கவாத்தியம்' என்றனர் முன்னோர். பக்கத்தில் நிற்பது அது. முன்னால் வந்து மறைப்பதன்று.

அந்நாளில் ஒலிக்கலவைக்குத் தனிக் கருவி கிடையாது. மின்சார முறை வந்த 1925-க்கு முன், இசைத்தட்டுப் பதிவுக்குப் பாடகர் ஒரு பெரிய கூம்பின் வாயருகே நின்று பாடுவார். உரத்த கருவிகளை வாசிப்போரைத் தள்ளி உட்கார வைப்பார்கள். தூரமே அன்றைய 'மிக்ஸிங்'. இன்று அந்தத் தூரத்தை விரல் நுனியால் ஏற்றி இறக்குகிறோம். வசதி பெருகியதேயன்றி நியதி மாறவில்லை.

தொழிற்சாலை கற்பித்த பாடம்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பெரி கோர்டி என்பவர் போர்டு நிறுவனத்தின் மோட்டார் வாகன ஆலையில் வேலை பார்த்தவர். 1959-இல் அவர் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனமே பின்னர் 'மோடவுன்' என்று உலகப் புகழ் பெற்றது. ஆலையில் கண்ட தரக்கட்டுப்பாட்டு முறையை அவர் பாடலுக்கும் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம் கூடும். புதிய பதிவுகளைப் போட்டுக் கேட்டு, அனைவரும் வாக்களிப்பர். கையில் ஒரே ஒரு டாலர் இருந்து வயிறும் பசித்தால், உணவு வாங்குவீர்களா, இந்த இசைத்தட்டை வாங்குவீர்களா என்று கேட்பாராம். அந்தக் கேள்விக்குமுன் வெறும் முகத்துதி நிற்குமா?

நம் இளைஞர்களும் ஆலையில் பணி புரிபவர்களே. வார்ப்படமானாலும் வாகன உதிரி பாகமானாலும் சோதனையாளர் பாராமல் வெளியே போகாது என்பதை நன்கறிந்தவர்கள். இரும்புக்குக் காட்டும் அந்தக் கண்டிப்பை இறைவனுக்குப் பாடும் பாடலுக்கும் காட்டலாகாதா?

செவியும் சோர்வடையும்

இங்கே நம் வட்டாரத்துக்கே உரிய ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். எட்டுமணி நேரம் இயந்திர இரைச்சலில் நின்று வந்த செவி, சில மணி நேரத்திற்கு மந்தமாகவே இருக்கும். குறிப்பாகச் சொற்களைத் தெளிவாக்கும் கூர்மையான ஒலிகளே முதலில் மங்குகின்றன. அந்தச் செவியோடு ஒலிக்கலவை செய்பவர், குறைவதாகத் தோன்றும் கூரொலியை மேலும் ஏற்றி விடுவார். மறுநாள் கேட்போருக்கோ காது கூசும். ஆகவே ஷிப்டு முடிந்த கையோடு செய்த கலவையை, நன்றாக உறங்கி எழுந்தபின் ஒருமுறை கேளாமல் வெளியிட வேண்டாம்.

ஒலியின் அளவும் ஏமாற்றும். பிளெச்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவர் 1933-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒலியைக் குறைத்துக் கேட்கும்போது அடித்தொனி மற்றவற்றினும் அதிகமாகக் குறைந்து தோன்றும். உரக்க வைத்தால் எல்லாமே நிறைவாகத் தோன்றும். எனவே இரண்டு கலவைகளை ஒப்பிடுகையில் ஒரே அளவு ஒலியில் வைத்தே ஒப்பிடுக. இயர்போனில் முழங்கும் பேஸ் கிட்டார், கோபுரத்துக் கூம்பு ஒலிபெருக்கியிலும் சிறு கைபேசியிலும் ஏறத்தாழ மறைந்தே போகும். மக்கள் எதில் கேட்பார்களோ, அதில் கேட்டுப் பார்ப்பதே முறை.

யாரைக் கேட்பது? எதைக் கேட்பது?

திருச்சபைக் கூட்டத்தில் இருவர் மூவர் பேச, மற்றவர்கள் சீர்தூக்கிப் பார்க்கட்டும் என்பது சின்னப்பரின் அதே அதிகாரத்து ஒழுங்கு. ஐம்பது பேர் தேவையில்லை. தகுந்த நால்வர் போதும்.

இசையறிந்த ஒருவர்: சுருதியும் தாளமும் பிசகாதிருக்கின்றனவா என்பார். வயது முதிர்ந்த ஒருவர்: சொல் விளங்குகிறதா என்பார். மறைக்கல்வி வகுப்புச் சிறுவன் ஒருவன்: இருமுறை கேட்டபின் பல்லவியைப் பாடிக் காட்டட்டும். ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்து நம்மோடு திருப்பலியில் பங்கேற்கும் சகோதரர் ஒருவர்: தமிழ் முழுதும் தெரியாத அவராலும் கூடச் சேர்ந்து பாட இயலுமாயின் அது மெய்யாகவே சபைக்குரிய பாடல்.

'எப்படி இருக்கிறது?' என்று பொதுவாகக் கேளாதீர்கள். எந்தச் சொல் விளங்கவில்லை? எந்தக் கருவி குரலுக்கு முன்னே நிற்கிறது? எவ்விடத்தில் கவனம் சிதறியது? இவ்வாறு கேட்டால் விடையும் பயன் தரும்.

அவசரப் பதிவில் கலவையால் தீரும் குறையும் உண்டு, தீராத குறையும் உண்டு. கருவி ஓங்கியிருந்தால் தாழ்த்தலாம்; சேர்த்த எக்கோ மிகுந்திருந்தால் குறைக்கலாம். ஆனால் தகரக் கூரையின் எதிரொலி குரலோடு சேர்ந்தே பதிந்துவிட்டால் அதைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். உணர்வில்லாமல் பாடிய வரிக்கு எந்தக் கணினியும் உயிரூட்டாது. அங்கே மீண்டும் பாடுவதே மருந்து.

சொல்பவருக்கு ஒரு சொல்

கருத்துச் சொல்வோரே, உங்களுக்கும் கடமை உண்டு. உறக்கத்தைத் தியாகம் செய்து பாடியவர்கள் அவர்கள். நல்லதை முதலில், இன்னதென்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். பிறகு குறையை இடம் சுட்டிச் சொல்லுங்கள்: "இரண்டாம் சரணத்தில் கீபோர்டு குரலை மறைக்கிறது." ஆளைப் பழிக்காதீர்கள். ஒரே நேரத்தில் பத்துக் குறைகளை அடுக்காமல், முக்கியமான இரண்டைச் சொன்னால் போதும். சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனிமையில் சொல் என்பது மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் வகுத்த நெறி. குற்றத்துக்கே அந்நெறி என்றால், குரல் சற்றுப் பிசகியதற்கு வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் முன்னும் ஏளனம் செய்வது எவ்வளவு தகாதது! அப்படி ஏளனத்துக்கு ஆளாகிப் பாடகர் குழுவை விட்டு விலகிய இளைஞர்கள் உண்டு. ஒரு பாடலைத் திருத்தப் போய் ஒரு பாடகனை இழப்பது திருச்சபைக்கு ஆதாயமன்று.

கேட்போரும் மனம் தளரலாகாது. காப்பியம் பாடிய நம் புலவர்கள் அவையடக்கம் பாடியே தொடங்கினர். அவையோர் கேள்விகளுக்கு விடையளித்தே அரங்கேற்றினர். குறை கேட்பது இழிவென்று அவர்கள் எண்ணவில்லை.

புனித அகுஸ்தினார், பாடலின் பொருளைவிட அதன் இனிமையே தம்மை அதிகம் கவர்ந்த வேளைகளில் தாம் தவறியதாகத் தமது 'சங்கீர்த்தனங்கள்' நூலில் எழுதுகிறார். இனிமையை அவர் வெறுக்கவில்லை. அது பொருளுக்குத் துணை நிற்க வேண்டும் என்றே விரும்பினார். அன்பார்ந்த குடும்பத்தாரே, அடுத்த முறை உங்கள் பங்கு இளைஞர் ஒரு பாடலை அனுப்பினால், கட்டைவிரலை உயர்த்துமுன் மூன்று நிமிடம் அமர்ந்து கேளுங்கள். கேட்ட சொற்களைத் தாளில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத சொல் எதுவோ, அதை அவர்களிடம் அன்போடு சொல்லுங்கள். அதுவே அவர்களுக்கு நீங்கள் தரக்கூடிய சிறந்த பாராட்டு.