நெடுந்தொலை ஓட்டமும் நீர்ச்சட்டையும்

வழிச்செல்வோர் சோறும் நீரும் தாங்கிச் செல்லுதல் தொன்றுதொட்ட வழக்கமாம். நடப்பவனுக்கு மூட்டை சுமையேயன்றித் தடையன்று. ஓடுபவனுக்கோ அசையும் மூட்டை அடிதோறும் பகையாகும். இவ்விடரை நீக்க எழுந்ததே ஹைட்ரேஷன் வெஸ்ட் என வழங்கும் நீர்ச்சட்டை. அதனைத் தேர்ந்துகொள்ளும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

42.195 கிலோமீட்டர் கொண்ட மாரத்தானினும் மிக்க தொலைவுடைய ஓட்டங்கள் அல்ட்ராமாரத்தான் எனப்படும். 2003-ஆம் ஆண்டு தொடங்கிய மோன் பிளாங்க் மலைச்சுற்று ஓட்டம் அவற்றுள் பெயர்பெற்றது. பிரான்சு நாட்டு ஷாமொனியினின்று புறப்பட்டு, இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மீண்டும் அவ்வூரையே வந்தடையும் அப்பாதை ஏறக்குறைய 170 கிலோமீட்டர் நீளமும் 10,000 மீட்டர் ஏற்றமும் உடையது. அதில் ஓடுவோர் 1 லிட்டருக்குக் குறையாது நீர் கொள்ளும் கலம், மழைச்சட்டை, தலைவிளக்கு, ஊதல், உடற்சூடு காக்கும் போர்வை முதலியவற்றைத் தாமே சுமத்தல் வேண்டுமென்பது விதி. நள்ளிரவில் மலைமுகட்டிற் குளிர்காற்று வீசும்போது உதவி அண்மையில் இராதாகலின், இஃது உயிர்காக்கும் விதியென்பது தெளிவு.

நிற்க, முதற்கண் ஆராயத்தக்கது நீரின் அளவு. ஒரு மணி நேரம் நீரருந்தாது ஓடி, ஓட்டத்தின் முன்னும் பின்னும் உடலை நிறுத்துப் பார்ப்பின், குறைந்த ஒவ்வொரு கிலோகிராமும் ஏறக்குறைய 1 லிட்டர் வியர்வையைக் காட்டும். அடுத்த நீர்நிலையத்தை அடைய எத்துணை நேரமாகும் என்பதையும் இதனோடு கூட்டி எண்ணுக. ஆயினும் இழந்தது முழுவதையும் குடித்து நிரப்ப வேண்டுவதில்லை. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் குருதியைச் சோதித்தபோது, 100-க்கு 13 பேரிடம் உப்புச்சத்து குறைந்திருந்தது. மிகுதியாக நீர் பருகியதே அதற்குத் தலையாய காரணமெனக் கண்டனர். நீர் குறையினும் கேடு; மிகினும் கேடு. வேட்கையறிந்து பருகுதலே நன்று.

அடுத்தது கலம். மார்பின் இருபுறமும் அமையும் மென்குடுவைகள் பெரும்பாலும் அரை லிட்டர் கொள்ளும், நீர் குறையுந்தோறும் சுருங்குதலால் தளும்பா, எஞ்சிய அளவு கண்ணுக்குப் புலனாகும், நிரப்புதலும் எளிது. முதுகிலமையும் நீர்ப்பையோ 1.5 அல்லது 2 லிட்டர் கொள்ளும், குழாய்வழிப் பருகலாம். எனினும் எஞ்சியது தெரியாது. நிரப்பவும் நேரம் பிடிக்கும். ஆகவே நீர்நிலையங்கள் அடுத்தடுத்து உள்ளவிடத்துக் குடுவையும், இடைவெளி நீண்டவிடத்துப் பையும் ஏற்றனவாம்.

விற்போர் 5 லிட்டர், 12 லிட்டர் எனக் குறிப்பது பொருள் வைக்கும் இடத்தின் அளவேயன்றி நீரின் அளவன்று. இதனையறியாது பெரியதே சிறந்ததென வாங்குவோர், வெற்றிடம் கண்டு வேண்டாதனவற்றையும் திணிப்பர். நீர் மட்டுமே லிட்டருக்கு 1 கிலோகிராம் எடையாகும். வள்ளுவனார் காட்டிய மயிற்பீலி வண்டி ஈண்டு நினைவுகூரத்தக்கது.

எல்லாவற்றினும் முதன்மையானது பொருத்தம். ஓடும் உடையின்மீதே மார்பின் சுற்றளவை அளந்து கொள்க. கடையில் வெறுஞ்சட்டையை அணிந்து பார்த்தல் போதாது. நீரும் பொருளும் நிரப்பி, வாரை இறுக்கி, ஆழ மூச்சு வாங்கி, குதித்தும் ஓடியும் பார்த்தல் வேண்டும். மூச்சை நெருக்கினும், நெகிழ்ந்து துள்ளினும் அது நமக்கு உரியதன்று. காரையெலும்பும் அக்குளும் உராயுமிடங்கள்; முதல் மணியில் சிறு உறுத்தலாயிருப்பது, வியர்வையின் உப்புப் படிந்து, பத்தாம் மணியிற் புண்ணாகும். ஆதலின் போட்டி நாளன்று புதுச்சட்டை அணிதல் ஒருபோதும் தகாது; நீண்ட பயிற்சி ஓட்டங்களில் பன்முறை சோதித்ததையே அணிக.

கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்ட தாவீதுக்குச் சவுல் அரசன் தன் போர்க்கவசத்தை அணிவித்தான். அது விலைமிக்கதே, எனினும் பழகாதது என்று தாவீது அதனைக் களைந்து, தான் பழகிய கவணோடு சென்றான். நீர்ச்சட்டையைத் தேர்வோருக்கும் அதுவே வழி. பிறர் புகழ்வதும் விலை மிக்கதும் அன்று, தன் உடலோடு ஒன்றித் தன் தேவைக்கு அளவாயமைந்ததே நற்சட்டையாம்.