வேடிக்கை என்று யார் சொல்வது?

ஆங்கிலத்தில் 'ஃபசீஷஸ்லி' என்றொரு வினையடை உண்டு. ஏ, இ, ஐ, ஓ, யூ, ஒய் என்கிற ஆறு எழுத்துகளும் ஒவ்வொன்றும் ஒரே தடவை, வரிசை பிசகாமல் அதில் வரும். சொல் விளையாட்டுக்காரர்களுக்கு அதனால் அது பிடித்தமான சொல். நமக்கு அதில் அக்கறையில்லை. ஒரு பேச்சு வேடிக்கையா வினையா என்று தீர்ப்புச் சொல்கிற உரிமை யாருக்கு இருக்கிறது என்ற கேள்வி இந்தச் சொல்லுக்குள் கிடக்கிறது. அதற்காகத்தான் இதை எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் பொருள். 'வேடிக்கையாக', 'கேலியாக' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் போதாது. ஆங்கிலத்தில் இதற்குப் பங்காளிகள் நிறைய. 'ஜோக்கிங்லி' என்றால் சிரிக்கச் சொன்னது, அவ்வளவுதான். 'ஜாக்யுலர்லி' என்றால் சொன்னவரின் கலகலப்பான சுபாவமும் சேர்ந்து வருகிறது. 'ஐரானிக்கலி'யில் சொல் ஒரு பக்கமும் கருத்து எதிர்ப்பக்கமும் நிற்கும். 'சர்காஸ்டிக்கலி'க்கு எதிரே ஓர் ஆள் வேண்டும், குத்துவதற்கு. 'ஃபசீஷஸ்லி' இவை எதிலும் அடங்காது. கனமான விஷயத்தை, கனமாகப் பேச வேண்டிய இடத்தில், தெரிந்தே லேசாக்கிப் பேசுவது அது. தெரியாமல் உளறினால் அது இந்தக் கணக்கில் வராது.

ஓர் ஆலையில் ஆட்குறைப்புக் கூட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை போனவர்களின் பட்டியலை வாசித்து முடித்த மேலாளர், 'யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?' என்கிறார். பட்டியலில் பெயருள்ள ஒரு தொழிலாளி எழுந்து, 'நாளையிலிருந்து காலையில எத்தனை மணிக்குங்க எந்திரிக்கணும்?' என்று கேட்கிறார். மேலாளர் தன் அறிக்கையில் 'அவர் ஃபசீஷஸ்லி கேட்டார்' என்று எழுதுவார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தொழிலாளிக்கு அந்தச் சொல் தோன்றவே தோன்றாது. அந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்ட ஒரே உண்மையான கேள்வி அதுதான் என்று அவருக்குத் தெரியும். ஆக, இந்த வினையடை பேச்சுக்குள்ளிருந்து வருவதல்ல. வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்து ஒட்டுவது. ஒட்டியவுடன் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை தீர்ந்துபோகிறது.

எப்போதும் இது இப்படி இருந்ததில்லை. வேர், லத்தீன் 'ஃபசெட்டஸ்': நயமான, மெருகேறிய என்று பொருள். கி.மு. 55இல் சிசரோ பேச்சுக்கலை பற்றி எழுதிய நூலில், சிரிக்க வைப்பது பேச்சாளனின் ஆயுதங்களில் ஒன்று. கூடவே வரம்பும் கட்டுகிறார்: கொடுங்குற்றத்தை வைத்தும் கடுந்துயரத்தை வைத்தும் சிரிப்பு மூட்டக்கூடாது. 15ஆம் நூற்றாண்டில் போப்பின் அலுவலகத்தில் செயலராக இருந்த போஜ்ஜோ பிராச்சியோலினி, அங்கே பேசிச் சிரித்த கதைகளைத் தொகுத்தார். பாதிரிமார்களின் யோக்கியதையைச் சந்திக்கு இழுக்கிற அந்தத் தொகுப்புக்குப் பெயர் 'ஃபசெட்டியே'. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் இது பாராட்டுச் சொல்தான். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் புத்தக வியாபாரிகளின் பட்டியல்களில் அதே 'ஃபசெட்டியே' ஆபாசப் புத்தகங்களைக் குறிக்கிற இடக்கரடக்கலாக மாறிவிட்டது. இன்று அந்த உரிச்சொல்லை ஒருவர் மேல் போட்டால் அது ஏறக்குறைய ஒரு குற்றச்சாட்டு.

தத்துவத்திலும் வேடிக்கைப் பேச்சுக்கு வாசலுக்கு வெளியேதான் இடம் கிடைத்தது. பேச்சு என்பது வெறும் தகவல் அல்ல, அது ஒரு செயல் என்று சொன்னவர் ஜே.எல். ஆஸ்டின். 1955இல் ஹார்வர்டில் அவர் ஆற்றிய உரைகள், அவர் இறந்த பிறகு 1962இல் நூலாயின. வாக்குக் கொடுப்பது, பெயர் சூட்டுவது, பந்தயம் கட்டுவது எல்லாம் சொல்லால் நிகழ்கிற செயல்கள். ஆனால் சொல்கிறவர் வேடிக்கை செய்துகொண்டிருக்கக்கூடாது, மேடையில் நடித்துக்கொண்டிருக்கக்கூடாது, கவிதை எழுதிக்கொண்டிருக்கக்கூடாது. இவையெல்லாம் வழக்கமான பேச்சின் மேல் தொற்றி வாழும் ஒட்டுண்ணிகள் என்று ஒதுக்கினார். 1971இல் தெரிதா இந்த இடத்தில்தான் கை வைத்தார். திரும்பச் சொல்ல முடியாத சொல், சொல்லே அல்ல. திரும்பச் சொல்ல முடியுமென்றால் மேடையிலும் சொல்லலாம், வேடிக்கையாகவும் சொல்லலாம். அந்தச் சாத்தியம் இருப்பதால்தான் 'நிஜமான' வாக்குறுதியே சாத்தியமாகிறது. அப்படியானால் ஒதுக்கப்பட்டது ஓரத்தில் இல்லை, மொழியின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 1977இல் ஜான் சேர்ல் இதை மறுத்து எழுத, சண்டை நீண்டது.

இந்தச் சண்டையில் நமக்கு உதவுவது இதுதான். வேடிக்கையையும் வினையையும் பிரிக்கிற கோடு சொல்லுக்குள் இல்லையென்றால், அதை யாரோ கிழிக்கிறார்கள். யார் என்று பார்க்க இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் வைக்கலாம்.

1984 ஆகஸ்ட் 11. அமெரிக்க அதிபர் ரீகன் வானொலி உரைக்கு முன் ஒலிவாங்கியைச் சோதிக்கிறார். ரஷ்யாவைச் சட்டவிரோதமாக்கிவிட்டோம், ஐந்து நிமிடத்தில் குண்டுவீச்சு தொடங்கும் என்று சொல்லிச் சிரிக்கிறார். அணு ஆயுதங்களை ஏவச் சொல்லும் அதிகாரம் அவர் கையில். சோவியத் யூனியன் கண்டித்தது, பத்திரிகைகள் விமர்சித்தன. 'ஜோக்' என்ற பெயரோடு விஷயம் முடிந்தது.

2010 ஜனவரி. வடக்கு இங்கிலாந்தில் பனியால் ஒரு விமான நிலையம் மூடிக்கிடக்கிறது. பயணத்துக்குக் காத்திருந்த ஓர் இளைஞர், சீக்கிரம் சரிசெய்யாவிட்டால் விமான நிலையத்தையே தகர்த்துவிடுவேன் என்ற பொருளில் ட்விட்டரில் எழுதுகிறார். அவரிடம் ஒரு பட்டாசுகூடக் கிடையாது. விமான நிலையமே அதை நம்பத்தகுந்த மிரட்டலாகக் கருதவில்லை. இருந்தும் கைது, வழக்கு. அந்த ஆண்டு மே மாதம் 2003ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டப்படி குற்றவாளி என்று தீர்ப்பு. 385 பவுண்டு அபராதம், 600 பவுண்டு வழக்குச் செலவு. வேலையும் போயிற்று. 2012 ஜூலையில்தான் உயர் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. படிப்பவர்கள் அசட்டு வேடிக்கையென்று தள்ளிவிடக்கூடிய ஒன்று மிரட்டலாகாது என்பது தீர்ப்பின் சாரம்.

குண்டு வைத்திருந்தவருக்கு வினையடை உடனே கிடைத்தது. குண்டே இல்லாதவருக்கு அது கிடைக்க இரண்டரை வருடம் பிடித்தது.

இன்னொரு வகையும் உண்டு: பின்தேதியிட்ட வினையடை. 2020 ஏப்ரல் 23 அன்று, கொரோனாவுக்குக் கிருமிநாசினியை உடம்புக்குள் செலுத்திப் பார்க்க வழியுண்டா என்ற ரீதியில் அமெரிக்க அதிபர் ட்ரம்ப் செய்தியாளர்கள் முன் பேசினார். மருத்துவர்கள் பதறிப்போய் எச்சரித்தார்கள். மறுநாள் அவர் சொன்ன விளக்கம்: அதை 'சர்காஸ்டிக்கலி' கேட்டேன். சொன்னதைத் திரும்பப் பெறவும் வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். ஒரு வினையடை போதும். புரியாமல் போனது கேட்டவர்களின் தப்பாகிவிடும்.

இது நமக்கும் தெரியாத வித்தையல்ல. பெண்ணிடம் அசிங்கமாகப் பேசிவிட்டு, சாதியைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, 'சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன், இதுக்குப் போயி...' என்று இழுக்கிற குரலை எந்த ஊரிலும் கேட்கலாம். அங்கேயும் வினையடை பின்னாலிருந்துதான் வருகிறது. பேசியவனே போட்டுக்கொள்கிறான். பேச்சு யார் மேல் விழுந்ததோ அவரைக் கேட்பதில்லை.

சரி, 'ஃபசீஷஸ்லி'யைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'குசும்பாக' என்பது பக்கத்தில் வருகிறது, ஆனால் அதில் கொஞ்சம் செல்லம் இருக்கிறது. 'பகடியாக' என்றால் இலக்கிய வாடை வந்துவிடும். 'டோன்ட் பி ஃபசீஷஸ்' என்று ஆசிரியர் மாணவரையும் நீதிபதி சாட்சியையும் அடக்குகிற தொனிக்கு நம்மிடம் கச்சிதமாக ஒன்று இருக்கிறது: 'என்ன, எகத்தாளமா?' கீழே இருப்பவர் மேலே இருப்பவரைப் பார்த்து இப்படிக் கேட்டு நாம் பெரும்பாலும் கேட்டதில்லை. எனவே மொழிபெயர்க்கும்போது 'எகத்தாளமாக' என்று எழுதுவதற்கு முன், அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டிருப்பது மேலாளரா, பக்கத்து இருக்கைத் தொழிலாளியா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தொழிலாளி என்றால் வினையடையை விட்டுவிட்டு, 'அவர் கேட்டார்' என்று மட்டும் எழுதலாம்.