ஓருடற் கணினியும் ஓர் அரங்கேற்றப் படமும்

கொட்டாஞ்சேனையிலிருந்து நம் மாணவர் ஒருவர், சென்ற வாரம் தம் தந்தையாருடன் வெள்ளவத்தையிலுள்ள நம் இல்லத்துக்கு வந்திருந்தார். கலியாண வீடுகளில் வீடியோப் படம் எடுப்போரிடம் அவருக்குப் பகுதிநேர வேலை. படங்களை வீட்டிலேயே தொகுத்துக் கொடுத்தால் படிப்புச் செலவுக்கு உதவும் என்பது எண்ணம். திரையும் கணினியும் ஒன்றாய் அமைந்த 'ஆல்-இன்-வன்' வாங்கலாமா என்று கேட்டார்கள். தந்தையார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். பிழைத்தால் மறுமுறை வாங்க வழியில்லை.

நம்மிடம் கேட்டது பொருத்தமே. நாம் ஒருமுறை பிழைவிட்டவர்கள் அன்றோ!

2023ஆம் ஆண்டில், மெல்லிய உடலழகையும் கடைக்காரரின் இன்சொல்லையும் நம்பி அத்தகைய கணினி ஒன்றை வாங்கினோம். நினைவகம் 8 ஜீபி. நம் மகளின் நடன அரங்கேற்றத்தை இரண்டு கமராக்களிற் பதிந்து வைத்திருந்தோம். யாழ்ப்பாணத்தில் நோயுற்றிருந்த பாட்டியாருக்கு அதனைத் தொகுத்து அனுப்புவதாக வாக்களித்தும் இருந்தோம். இரு காட்சிகளை இணைத்தாற் படம் தடக்கித் தடக்கி ஓடும். மூன்றாவதைச் சேர்த்தாற் கணினியே நின்றுவிடும். நினைவகத்தைக் கூட்டலாமென்று திறந்து பார்த்த திருத்துநர், அது தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதைக் காட்டினார். ஈற்றில் வேறொருவர் கணினியில் வேலை முடிந்தது. படம் ஆயத்தமான வேளையில் அதைப் பார்க்கப் பாட்டியார் இல்லை.

இத்தகைய கணினிகளிற் பல, திரைக்குப் பின்னே ஒளிந்திருக்கும் மடிக்கணினிகளே. இன்டெல் செயலியின் எண்ணுக்குப் பின் 'யூ' என்ற எழுத்து இருந்தால், அது மின்சாரத்தைச் சிக்கனஞ் செய்வதற்கென ஆக்கப்பட்டது. கடிதம் எழுதப் போதும், நீண்ட படத்தைத் தொகுக்கத் திணறும். ஆப்பிளின் 27 அங்குல ஐமக்கில், பின்புறக் கதவைத் திறந்து நினைவகத்தைக் கூட்டலாம். அவ்வகை 2022 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 2024இல் வந்த 24 அங்குல எம்4 ஐமக்கில் அது முடியாது. வாங்கும்போதே 16, 24, 32 ஜீபி என்று தீர்மானித்துவிட வேண்டும். ஆகையால் நினைவகத்திற் கஞ்சத்தனம் கூடாது. 16க்குக் குறைந்ததை நாம் இனித் தொடமாட்டோம்.

சேமிப்பகம் அப்படியன்று. ஐபோனில் 4கே தரத்தில், வினாடிக்கு 30 சட்டகமாகப் பதிந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்பி செல்லும். இரண்டு மணித்தியால அரங்கேற்றம் ஒரு கமராவுக்கே 20 ஜீபி. 256 ஜீபி எத்தனை நாளைக்கு? எனினும் வெளியே ஒரு எஸ்எஸ்டியைப் பொருத்தினால் அக்குறை தீரும். 1962இல் வெளிவந்த ஈழத்துத் தமிழ்ப்படமாகிய 'சமுதாயம்' 16 மி.மீ. சுருளில் எடுக்கப்பட்டது, அக்காலத்துத் தொகுப்பாளருக்குக் கத்தரியும் ஒட்டும் கருவியுமே துணை. இன்று டாவின்சி ரிசால்வ் என்னும் மென்பொருளின் இலவசப் பதிப்பே 4கே படத்தைக் கையாளுகின்றது. மென்பொருளுக்குக் காசு கேட்கும் கடைக்காரரிடம் இதனை நினைவூட்டலாம்.

திரையைக் கண்ணாற் பார்த்தே வாங்கவேண்டும். மலிவான திரையில் கூறைச்சேலையின் அரக்குச் சிவப்பு செங்கல் நிறமாகத் தோன்றும். அதை நம்பி நிறந் திருத்தினால், மணமகள் வீட்டாருக்கு யார் மறுமொழி சொல்வது? எஸ்ஆர்ஜிபி நிறவெளி முழுமையும் காட்டும் திரையா என்று கேட்டறிய வேண்டும்.

மின்வெட்டும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருளில் இருந்தோமே! மடிக்கணினிக்கு உள்ளதுபோல் இவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு மின்கலம் இல்லை. யூ.பீ.எஸ். ஒன்றின் விலையையும் கணக்கிற் சேர்க்கும்படி தந்தையாரிடம் சொன்னோம். அவர் முகம் சற்றே வாடியது.

"தனித்தனியாகப் பூட்டும் கணினி மலிவாமே, ஐயா?" என்றார் அவர். உண்மைதான், பழுதானால் உறுப்பை மட்டும் மாற்றலாம். ஓருடற் கணினியிலோ திரை பழுதானாற் கணினி முழுவதுமே திருத்தகத்துக்குப் போகும். இடமிருந்தால் அதையே வாங்குங்கள் என்றோம். ஆனால் அவர்கள் வீட்டில் ஒரே மேசை. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் தங்கையும் அதில்தான் எழுதவேண்டும். அந்த ஒரு காரணத்துக்காக ஓருடற் கணினியை நாமும் ஒப்புக்கொண்டோம்.

தாம் எடுத்த கலியாணப் படத்திற் பத்து நிமிடத்தைப் பென்டிரைவிற் கொண்டுசென்று, கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குவதென முடிவாயிற்று. வரும் சனிக்கிழமை பம்பலப்பிட்டியிற் கடைகளைப் பார்க்கப் போகிறார்கள். நம்மையும் கூட வரும்படி அழைத்திருக்கிறார்கள்.