ஆக்சலாட்டில் வளர்ப்புத் தொட்டி

ஆக்சலாட்டில் வளர்ப்புத் தொட்டி என்பது, மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட ஆக்சலாட்டில் என்னும் நீர்வாழ் சாலமாண்டரை வீட்டில் வளர்ப்பதற்காக ஆயத்தப்படுத்தப்படும் நன்னீர்க் கண்ணாடித் தொட்டி ஆகும். அம்பிசுட்டோமா மெக்சிகானம் என்பது இவ்விலங்கின் அறிவியற் பெயர். பிற சாலமாண்டர்களைப் போல உருமாற்றம் அடைந்து தரைக்கு வராமல், இது வெளிச் செவுள்களுடன் வாழ்நாள் முழுவதும் நீரிலேயே வாழ்கிறது. எனவே தொட்டி நீரின் தன்மையே இதன் உடல்நலத்தைத் தீர்மானிக்கிறது.

இயற்கை வாழிடம்

ஆக்சலாட்டில்கள் மெக்சிக்கோ நகரத்தை அடுத்த சோச்சிமில்கோ, சால்கோ ஏரிகளில் வாழ்ந்தவை. சால்கோ ஏரி வடிக்கப்பட்டுவிட்டது. சோச்சிமில்கோ இன்று கால்வாய்களாகச் சுருங்கிவிட்டது. 1998 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6000 ஆக இருந்த எண்ணிக்கை, 2014 இல் சுமார் 36 ஆகக் குறைந்தது. இவ்வினம் மிக அருகிய இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. ஆய்வகங்களில் வளர்க்கப்படுபவற்றுள் பல, 1864 இல் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்ட விலங்குகளின் வழிவந்தவை. குளிர்ந்த, மெதுவாக ஓடும், நிழலான நீரே இதன் இயல்பான சூழல். தொட்டியும் அதை ஒத்திருத்தல் வேண்டும்.

தொட்டியும் அடித்தளமும்

முழு வளர்ச்சியடைந்த விலங்கு பொதுவாக 23 செ.மீ. நீளம் இருக்கும். ஒரு விலங்கிற்குக் குறைந்தது 75 லிட்டர் கொள்ளளவு தேவை. இது அடித்தளத்தில் நடமாடுவதால், உயரமான தொட்டியை விட நீளமான தொட்டியே ஏற்றது. சில வேளைகளில் துள்ளி வெளியே விழக்கூடும் என்பதால் மூடி அவசியம்.

ஆக்சலாட்டில் வாயைத் திறந்து நீருடன் சேர்த்து இரையை உறிஞ்சி உண்ணும். வாயளவுக் கூழாங்கற்கள் இருப்பின் அவற்றையும் விழுங்கிவிடும்; அவை குடலை அடைத்து இறப்பை விளைவிக்கலாம். ஆகவே அடித்தளத்தை வெறுமையாக விடலாம், அல்லது மிக நுண்ணிய மணலை இடலாம். இதற்குக் கண்ணிமைகள் இல்லை. ஒளி குறைவாகவும், ஒளிந்துகொள்ளக் குழாய் அல்லது மண்சட்டி போன்ற மறைவிடங்களுடனும் இருத்தல் நன்று.

நீரின் வெப்பநிலை

16 முதல் 18 பாகை செல்சியசு வரையிலான வெப்பநிலை சிறந்தது. 24 பாகைக்கு மேல் நீடித்தால் விலங்கு நலிவுற்று நோய்க்கு ஆளாகும். வெப்பமான இடங்களில் நீர்க்குளிரூட்டி இன்றி இதனை வளர்த்தல் கடினம். வெப்பமானி ஒன்றைத் தொட்டியில் நிலையாக வைத்திருத்தல் வேண்டும்.

நைதரசன் சுழற்சி

விலங்கின் கழிவிலிருந்தும் மீந்த உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. இது செவுள்களை எரித்துப் புண்ணாக்கும் நஞ்சு. ஒருவகைப் பாக்டீரியாக்கள் அமோனியாவை நைத்திரைட்டாகவும், மற்றொரு வகை நைத்திரைட்டை நைத்திரேட்டாகவும் மாற்றுகின்றன. நைத்திரைட்டும் நஞ்சே, நைத்திரேட்டின் தீங்கு ஒப்பளவில் குறைவு.

புதிய தொட்டியில் இப்பாக்டீரியாக்கள் போதிய அளவில் இரா. வடிகட்டியில் அவை பெருகுவதற்குப் பொதுவாக 4 முதல் 8 கிழமைகள் ஆகும். தொட்டியையும் விலங்கையும் ஒரே நாளில் வாங்குவது புதியவர்கள் செய்யும் பெரும்பிழை ஆகும். நீர் தெளிவாகத் தோன்றினும் அதில் நஞ்சு இருக்கலாம்.

ஆயத்தப்படுத்தும் முறை

1. குழாய் நீரிலுள்ள குளோரினை நீக்கும் மருந்தைச் சேர்த்துத் தொட்டியை நிரப்புக.
2. மென்மையான நீரோட்டம் தரும் பஞ்சு வடிகட்டியை இயக்குக.
3. விலங்கை இடாமல், சிறிதளவு தூய அமோனியாக் கரைசலைச் சேர்த்து வருக.
4. சோதனைப் பெட்டியால் அமோனியா, நைத்திரைட்டு, நைத்திரேட்டு அளவுகளை அளந்து குறித்து வருக.
5. சேர்த்த அமோனியா 24 மணி நேரத்திற்குள் நைத்திரைட்டும் எஞ்சாமல் முற்றும் மாறிவிடுமாயின் தொட்டி ஆயத்தமாகிவிட்டது.
6. நீரின் பெரும்பகுதியை மாற்றி நைத்திரேட்டைக் குறைத்து, வெப்பநிலையைச் சரிபார்த்த பின் விலங்கை இடுக.

பராமரிப்பு

கிழமைதோறும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு நீரை மாற்ற வேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் குளோரின் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். மண்புழு சிறந்த உணவு. மீந்த உணவை உடனே அகற்ற வேண்டும். சிறு மீன்களை உடன் வளர்த்தல் தகாது. அவை செவுள்களைக் கடிக்கும்.

சட்ட நிலை

அருகிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் ஆக்சலாட்டில் இடம்பெற்றுள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இதனை வளர்ப்பு விலங்காக வைத்திருத்தல் தடைசெய்யப்பட்டுள்ளது.