பளபளப்பைப் பறிக்கும் பழைய துணி!

பொழுது விடிந்ததும் பல வீடுகளில் நடக்கும் காட்சி இது.

வாசலில் கார் நிற்கிறது. இரவெல்லாம் விழுந்த தூசி, மாவு தூவியது போல அதன் மேல் படிந்து இருக்கிறது. வீட்டுக்காரர் பழைய பனியன் துணியை எடுக்கிறார். பரபர என்று துடைக்கிறார். கார் பளிச்சென்று ஆகிவிடுகிறது. அவருக்கும் திருப்தி.

இரண்டு, மூன்று ஆண்டுகள் போகட்டும். அதே காரை வெயிலில் நிறுத்திப் பார்த்தால், அதன் உடம்பு முழுவதும் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் தெரியும். பளபளப்பு மங்கி இருக்கும். காரை விற்கப் போனால், வாங்க வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். "பெயிண்டு போய்விட்டதே!" என்று விலையைக் குறைப்பார். புதிதாகப் பெயிண்டு அடித்து வைத்தாலோ, "எங்கேயாவது மோதிய வண்டியா?" என்று சந்தேகப்படுவார்.

கடன் வாங்கி, மாதா மாதம் தவணை கட்டி வாங்கிய கார்! அதைக் கெடுத்தது யார்?

வெயிலின் மேல் பழி போடுவார்கள். ஆனால் அந்தக் கீறல்களைப் போட்டது வெயில் அல்ல. தினமும் ஆசையோடு துடைத்த கைதான்!

முடியைவிட மெல்லியது

காரின் பெயிண்டு ஒரே பூச்சு அல்ல. துருப்பிடிக்காமல் இருக்கத் தகட்டின் மேல் ஒரு பூச்சு. அதன் மேல் பிரைமர். அதன் மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணாடி போல நிறம் இல்லாத ஒரு பூச்சு.

நான்கும் சேர்ந்தால்கூட அதன் கனம் ஏறக்குறைய 10-ல் 1 பங்கு மில்லி மீட்டர்தான். மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு, தலைமுடியைவிட மெல்லியது. பளபளப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

தெருத் தூசியிலோ பொடி மணல் இருக்கிறது. மணல் கண்ணாடியையே கீறிவிடும். பெயிண்டு எம்மாத்திரம்? தூசியோடு உலர்ந்த துணியைப் போட்டுத் தேய்ப்பது, உப்புத்தாளால் தேய்ப்பது போலத்தான்.

தூசி சும்மா இருந்தால் கீறல் விழாது. தேய்த்தால்தான் விழும். ஆகவே கழுவ நேரம் இல்லாத நாளில், கார்க் கண்ணாடிகளை மட்டும் ஈரத் துணியால் துடைத்தால் போதும். மற்ற இடத்துத் தூசி இருந்துவிட்டுப் போகட்டும்!

இரண்டு வாளி வேண்டும்

வாரம் ஒரு முறை கழுவினால் போதும். காரை நிழலில் நிறுத்த வேண்டும். பானட் சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூட்டில் கழுவினால், துடைப்பதற்குள் சோப்பு நீர் காய்ந்து திட்டுத் திட்டாகப் படியும்.

முதலில் தண்ணீர் ஊற்றி மணலைக் கரைத்து விட வேண்டும். அதற்குப் பிறகுதான் துணி காரின் மேல் பட வேண்டும்.

ஒரு வாளியில், காருக்கென்றே விற்கும் ஷாம்பு கலந்த தண்ணீர். இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர். ஷாம்பு நீரில் துணியை நனைத்து ஒரு பக்கம் துடைக்க வேண்டும். மறுபடியும் ஷாம்புவில் முக்குவதற்கு முன், வெறும் தண்ணீரில் அலச வேண்டும். துணியில் ஒட்டிய மணல் அங்கேயே தங்கிவிடும். காருக்குத் திரும்பி வராது. இரண்டு வாளியின் ரகசியம் இதுதான்.

மேற்கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். சக்கரங்களுக்குத் தனித் துணி வேண்டும். துணி தரையில் விழுந்துவிட்டால், நன்றாக அலசாமல் அதைத் தொடக்கூடாது.

துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் துலக்கும் சோப்பும் ஆகாது. அவை அழுக்கோடு மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். மண்ணெண்ணெய், டீசல் போட்டுத் துடைக்கும் வழக்கமும் தவறு. அந்தப் பளபளப்பு கொஞ்ச நேரம்தான். எண்ணெய்ப் பசையில் தூசி இன்னும் அதிகமாக ஒட்டும்.

கழுவியபின் காரை ஈரத்தோடு விடக்கூடாது. உப்புத் தண்ணீராக இருந்தால், காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். மெத்தென்ற மைக்ரோபைபர் துணியை விரித்து, ஒற்றி எடுக்க வேண்டும்.

காக்கை எச்சம்

மரத்தடியில் நிறுத்தினால் வெயில் படாது. ஆனால் காக்கை விடாது! பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயில் ஏற ஏற அது பெயிண்டை அரித்துவிடும். நாள் கணக்கில் விட்டால் தழும்பு நிற்கும்.

நகத்தால் சுரண்டக்கூடாது. ஈரத் துணியை அதன்மேல் 5 நிமிடம் போட்டு வைக்க வேண்டும். ஊறியதும் மெதுவாக எடுத்துவிடலாம்.

பனை தரும் மெழுகு

கழுவிய காருக்குக் காவல் வேண்டாமா? அந்தக் காவல்தான் மெழுகு.

கார் மெழுகில் பேர்பெற்றது கார்னோபா. பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் வளரும் ஒரு வகைப் பனை மரத்தின் இலையில் இருந்து இது கிடைக்கிறது. அங்கே வெயில் கடுமை. இலையில் உள்ள ஈரம் போய்விடாமல் இருக்க, மரமே இலைமேல் மெழுகைப் பூசிக்கொள்கிறது. இலையை வெட்டிக் காயவைத்து, அடித்து உதிர்த்து, உருக்கி எடுக்கிறார்கள். 80 டிகிரி சென்டிகிரேடு சூட்டில்கூட இது உருகாது. மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மினுமினுப்புத் தருவதற்கும் இதைச் சேர்க்கிறார்கள்.

பாலிஷ் வேறு, மெழுகு வேறு. பாலிஷ், பெயிண்டைக் கொஞ்சம் தேய்த்து எடுத்துக் கீறலை மறைக்கும். அடிக்கடி போட்டால் கண்ணாடிப் பூச்சே தேய்ந்துவிடும். மெழுகு எதையும் எடுக்காது. மேலே போர்வை போல மூடிக்கொள்ளும்.

கழுவி, உலர்ந்து, சூடு ஆறிய காரில், நிழலில் வைத்து மெழுகு பூச வேண்டும். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவது போல மெல்லிசாகத் தடவினால் போதும். மங்கலாகக் காய்ந்ததும், வேறு சுத்தமான துணியால் துடைத்துவிட வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் படக்கூடாது. பட்டால் வெள்ளையாகக் கறை விழும்.

மெழுகு இருக்கிறதா, போய்விட்டதா? காரின்மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் தெரியும். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடினால் இருக்கிறது. பரவிப் படுத்துவிட்டால், மறுபடியும் பூசும் நாள் வந்துவிட்டது. இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூசி வந்தால் நல்லது.

இப்போது கடைகளில் "செராமிக்" பூச்சு போடுகிறார்கள். அது மெழுகைவிட நெடுநாள் உழைக்கும். ஆனால் தூசியோடு தேய்த்தால் அதிலும் கீறல் விழும்.

இரண்டு வாளி, நாலைந்து நல்ல துணி, ஒரு டப்பா மெழுகு. வாரத்தில் ஒரு மணி நேரம். காரின் பளபளப்பைக் காப்பாற்ற இவ்வளவு போதும்.

அந்தப் பழைய பனியன் துணி? சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுத் துடைக்க வைத்துக்கொள்ளலாம்!